முத்தலிப் ஏறிய சிவப்பு ரெயில்

பொறுமைக்கு ஒரு கடை போட்டால் முத்தலிப்தான் அதற்கு முதலாளி. என்னிடம் அந்தச் சாமான் ஒருநாளும் இருந்ததில்லை. சாய்ந்தமருது பிரதான வீதியில் நான் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். ஒரு பைப்பைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது சரி வருமா?" என்று என்னிடமே கேட்கிற ஆளைக் கண்டால் எனக்குத் தலைக்குள் அடுப்பு எரியும். "வாங்குறதெண்டா வாங்கு, இல்லாட்டிப் பின்னுக்கு நிக்கிறவனுக்கு வழிய விடு" என்பேன். நாக்கில் எலும்பில்லாதவன் என்று ஊர் எனக்குப் பட்டம் கட்டியிருக்கிறது. முத்தலிப் லீவில் வந்தால் கடை வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பான். நான் ஏசி அனுப்பியவர்களைச் சிரித்துக் கதைத்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவான். அதற்கும் அவனைத்தான் ஏசுவேன்.

அவன் என் தங்கை ஹப்ஸாவை முடித்தவன். சுனாமியில் கடல் வந்ததற்கு அடுத்த வருடம் கலியாணம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் பெண்ணின் பேரில். மாவடிப்பள்ளியில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்த முத்தலிப், ஒரு சூட்கேஸோடு எங்கள் வளவுக்குள் வந்தான். வந்த நாள் தொடங்கி ஒரு ஆணி அடிப்பதென்றாலும் "ஹப்ஸா, இதில அடிக்கவா?" என்று கேட்டுத்தான் அடிப்பான். "நீ மாப்பிள்ளையா, வாடகைக்கு இரிக்கிறவனா?" என்று நான் பகிடி பண்ணுவேன். "உங்கட தங்கச்சிட வீடு மச்சான், கேக்காம என்ன செய்ற?" என்பான். உள்ளே இருந்து ஹப்ஸா சிரிப்பாள். அவள் சிரித்தால் மூன்று வளவுக்குக் கேட்கும். அவன் பக்கத்தில் இருந்தால்தான் அப்படிச் சிரிப்பாள். காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் எனக்கு முன்னால் சத்தமாகச் சிரிக்க அவளுக்குப் பயம்.

மகள் அஸ்பியாவுக்கு எட்டு வயதாகும்போது முத்தலிப் வளைகுடாவுக்குப் போனான். அங்கே ஒரு பெரிய நகரத்தில் மெட்ரோ ரெயில் ஓடுகிறது. முதலில் தண்டவாளத்துக்குக் கல் போடுகிற வேலை. பிறகு மேடை வேலை. மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் மேடையில் நின்று, பெட்டியும் பிள்ளைகுட்டியுமாக வருகிற சனத்துக்கு, "இது துறைமுகம் போறது, அடுத்ததுதான் எயார்போர்ட்" என்று கை காட்டிவிடுவது. அவனுக்கென்றே செய்த வேலை. நானாக இருந்தால் முதல்நாளே இரண்டு பேரைப் பிடித்துத் தள்ளியிருப்பேன்.

எனக்கு இந்த ரெயில் விசயம் ஒன்றும் விளங்குவதில்லை. எங்கள் ஊருக்குத் தண்டவாளமே இல்லை. அது மட்டக்களப்போடு நின்றுவிட்டது. கல்முனைக்கு வரும் வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். போன முறை லீவில் வந்தபோது, அவனுடைய ஸ்டேஷனில் பெரிய மாற்றம் நடக்கப்போகிறது என்று முத்தலிப் சொன்னான். என்ன மாற்றம் என்று கேட்டேன். கடையில் கிடந்த இரண்டு பைப்பையும் மூன்று வாய்ச் சொக்கட் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தான்.

"இஞ்ச பாருங்க மச்சான். இந்தப் பைப் சிவப்புப் பாதை. இந்தச் சொக்கட்தான் நான் நிக்கிற சந்தி ஸ்டேஷன். இதில இருந்து ஒரு கிளை பிரிஞ்சு எயார்போர்ட்டுக்குப் போகுது. ஒரு சிவப்பு ரெயின் நேரா துறைமுகத்துக்குப் போகும், அடுத்தது கிளைக்குள்ள திரும்பி எயார்போர்ட்டுக்குப் போகும். இப்ப இந்தக் கிளையச் சிவப்பில இருந்து வெட்டி எடுத்து, மற்றப் பக்கத்தால வாற பச்சைப் பாதையோட மூட்டப் போறாங்க. பிறகு எயார்போர்ட்டுக்குப் பச்சை மட்டும்தான். சிவப்பு எல்லாம் துறைமுகம்."

"அதுக்கு எவ்வளவு காலம்?"

"ஏழு மாசம்."

"ஏழு மாசமா? என்னட்டத் தந்தா அரை மணித்தியாலத்தில மூட்டித் தருவன்."

"உங்கட பைப்புக்குள்ள தண்ணி மச்சான். அங்க சனம்" என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் திரும்பிப் போன கையோடு கிளைப் பாதையை மூடினார்கள். பச்சைப் பெட்டிகள் அகலம் கூடியவையாம். அதனால் கிளையில் இருந்த நான்கு ஸ்டேஷன்களிலும் மேடை விளிம்பைச் சீவ வேண்டியிருந்தது. சிக்னல் எல்லாம் மாற்றம். முத்தலிப்பைப் பலகை மாற்றுகிற கூட்டத்தில் போட்டார்கள். சிவப்புப் பலகைகளில் இருந்த விமானப் படத்தைச் சுரண்டி எடுத்து, பச்சைப் பலகைகளில் புதுப்படம் ஒட்டுவது. ஒவ்வொன்றையும் ஒட்டி முடித்துப் படம் எடுத்து ஹப்ஸாவுக்கு அனுப்புவான். அவள் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாள். "இது எங்கட மனிசன் ஒட்டின ப்ளேன். கோணல் இல்லாம இரிக்கா பாருங்க."

அந்த ஏழு மாதத்துக்குள்தான் அவளுக்கு நெஞ்சு வருத்தம் கூடியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியில் மருந்து தந்தார்கள், வேலைகளைக் குறைக்கச் சொன்னார்கள். முத்தலிப் லீவு கேட்டான். பாதை திறந்து பத்து நாள் ஓடட்டும், அதுவரைக்கும் ஒருவருக்கும் லீவு இல்லை என்றுவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனிலேயே கத்தினேன்.

"வேலையும் மண்ணாங்கட்டியும்! எறிஞ்சிட்டு வா!"

"பாஸ்போட் அவங்கட கையில இரிக்கி மச்சான். எறிஞ்சாலும் வர ஏலா."

ஹப்ஸா போனை என்னிடமிருந்து வாங்கினாள். "காக்கா கத்துவாரு, நீங்க கேக்காதீங்க. இன்னம் பதின்மூண்டு நாள்தானே. நான் எங்க ஓடிப்போறன்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதையைத் திறந்தார்கள். மூன்று நாள் முத்தலிப் சந்தி ஸ்டேஷனில் பச்சைத் தட்டி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எயார்போர்ட் பச்சை, எயார்போர்ட் பச்சை" என்று தொண்டை கட்டக் கத்தியிருக்கிறான். பழைய நினைவில் சிவப்பில் ஏறப்போன எத்தனையோ பேரைக் கையைப் பிடித்து மறித்தானாம். புதன்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, குசினியில் மீன் அலசிக்கொண்டு நின்ற ஹப்ஸா அப்படியே சரிந்தாள். ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது.

நான்தான் அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "இன்னா லில்லாஹி" என்றான். பிறகு, "மச்சான், எப்படியாவது நான் வந்திருவன். அவட முகத்த எனக்கு ஒருக்காக் காட்டிப் போட்டு மூடுங்க. வேற ஒண்டும் கேக்கல்ல" என்றான். பத்தொன்பது வருடத்தில் அவன் எங்கள் வீட்டில் கேட்ட ஒரே சாமான் அதுதான்.

எங்கள் ஊரில் மையத்தை அடக்காமல் சுணக்குவதில்லை. பகலில் மௌத்தானால் பொழுதுபட்டு மஃரிப் தொழுகை முடிந்ததும் அடக்கிவிடுவது வழக்கம். எப்போது அடக்குவதென்று தீர்மானிப்பதும் மாப்பிள்ளை இல்லை, பெண்ணின் தாய்வழிக் குடிதான்: காக்காமாரும் பள்ளிவாசலில் அந்தக் குடிக்குப் பொறுப்பான மரைக்காரும். எங்கள் குடிக்கு மரைக்கார் மிஹ்லார் ஹாஜியார். வந்து கதிரையில் இருந்ததும், "மஃரிப் தொழுதிட்டு அடக்குவம்" என்றார்.

"முத்தலிப் வாறான். விடிய சுபஹ் வரைக்கும் வெச்சிரிப்பம்" என்றேன்.

"தம்பி, புள்ளைகள் வரணும் எண்டு ஒரு ராவு வெச்சிரிக்கம். மாப்பிள்ளைக்காக வெச்ச வழக்கம் எங்கட குடியில இல்ல."

"இல்லாட்டி இண்டையில இருந்து வழக்கம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். "எந்தங்கச்சிட முகத்த அவன் பாக்காம ஒரு பிடி மண் போட விடமாட்டன்."

மிஹ்லார் ஹாஜியார் கதிரையைவிட்டு எழும்பினார். "சரி. உன்ட பொறுப்பு" என்றார். நல்லடக்கம் சுபஹ் தொழுகைக்குப் பிறகு என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

அவன் இருந்த நகரத்துக்கும் எங்களுக்கும் ஒன்றரை மணித்தியால வித்தியாசம். அவன் நேரப்படி மூன்று பத்துக்குக் கொழும்புக்கு ஒரு விமானம் இருந்தது. அதில் வந்தால் கட்டுநாயக்கவில் இறங்கி வான் பிடித்து சுபஹுக்கு வாசலில் நிற்கலாம். இரண்டு பத்துக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். மௌத்தென்று சொல்லி அவசர லீவு வாங்கி, பாஸ்போட்டைக் கொம்பனி ஒஃபிஸில் இருந்து எடுத்து, கூட்டாளி ஒருவன் டிக்கெட் போட்டுக் கொடுத்து, சந்தி ஸ்டேஷனுக்கு வரும்போது ஒன்று ஆகிவிட்டது. அங்கிருந்து எயார்போர்ட்டுக்கு இருபத்திரண்டு நிமிடம். நேரம் தாராளம்.

ஆனால் எனக்குப் பொறுமை என்கிற சாமான் இல்லை என்று சொன்னேன் அல்லவா. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அவனுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தங்கை கிடக்கிறாள், பெண்கள் யாசீன் ஓதுகிறார்கள், மிஹ்லார் ஹாஜியாரிடம் பொறுப்பெடுத்திருக்கிறேன். என் கைக்கு வேறு வேலை இல்லை.

"எங்க நிக்கிறாய்?"

"மேடையில மச்சான்."

"என்னத்துக்கு இன்னம் மேடையில? கோச்சி இல்லையா?"

"வரும். பொறுங்க… ஒண்டு வருகுது. ஆனா…"

"ஆனா கீனா ஒண்டும் வேணாம், வந்ததில ஏறு!" என்று கத்தினேன். "நேரம் போகுதுடா! ஏறு எண்டா ஏறு!"

எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் அந்தப் புத்தி வரும். கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்கு ஒரே ஒரு வீதி, கடற்கரையோடு நேராகப் போகிறது. எந்த பஸ் வந்தாலும் அந்த வீதியில்தான் போகும். போர்டைப் பார்ப்பதில்லை, கேட்பதில்லை, வந்ததில் தொங்கிக்கொண்டு போவோம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நான் நினைத்துவிட்டேன். அவன் ஏறினான். இத்தனை வருடம் மற்றவர்களுக்குக் கை காட்டியவன், அதே பலகைகளில் தன் கையால் படம் ஒட்டியவன், காதில் என் கத்தலை வைத்துக்கொண்டு, அழுத கண்ணோடு, கால் பழக்கத்தில் போய் நின்ற, முன்பு எயார்போர்ட் ரெயில் வந்து நின்ற அதே பழைய மேடையில், வந்து நின்றதில் ஏறினான். கதவு மூடுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

ஒரு நிமிடம் இருக்கும். அவன் குரல் மாறியது.

"மச்சான்… இது சிவப்பு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சிவப்பென்றால் என்ன, பச்சையென்றால் என்ன, இறங்கி மாறு என்றேன். இறங்க ஏலாது என்றான். சந்தியை விட்டால் துறைமுகம் வரைக்கும் பாலம், பத்தொன்பது நிமிடம், நடுவில் ஸ்டேஷன் இல்லை. பெட்டிக்குள் யாரிடமோ ஆங்கிலத்தில் கெஞ்சுகிற சத்தம் கேட்டது. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறான். அந்த ரெயிலுக்கு ஓட்டுநரே இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கெஞ்சினான். நான் சாய்ந்தமருதில் நின்றுகொண்டு போனை இறுக்கிப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்தால் ரெயில் நிற்குமா?

துறைமுகத்தில் இறங்கி, டக்ஸி பார்த்திருக்கிறான். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும் என்றார்களாம். திரும்பி வருகிற ரெயிலுக்குப் பத்து நிமிடம் நின்றான். பாலம் பத்தொன்பது நிமிடம். பிறகு பச்சைக்கு நின்று, ஏறி, எயார்போர்ட்டில் இறங்கி ஓடிப்போகும்போது இரண்டு இருபது. கவுண்டர் மூடிப் பத்து நிமிடம். அடுத்தது மறுநாள் அதே நேரம்தான்.

"நீங்க அடக்குங்க மச்சான்" என்றான். அழவில்லை. "நாளண்டைக்கு வரைக்கும் அவவ வெச்சிரிக்க ஏலா. எனக்காகக் காக்க வெக்காதீங்க."

"போன்ல காட்டவா? அஸ்பியாட்டக் குடுக்கிறன், முகத்த ஒருக்கா…"

"வேணாம். ஒம்பது வருசமா அவவப் போன்லதானே பாத்த. இதையும் போன்ல பாக்க ஏலா."

நான் போய் மிஹ்லார் ஹாஜியாருக்கு முன்னால் நின்றேன். "மஃரிபுக்கே அடக்குவம்" என்றேன். அவர் உடனே பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினார். இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒலிபெருக்கியில் நேரத்தை மாற்றி அறிவித்தார்கள். மையவாடியில் கபுறுக்குள் நான்தான் இறங்கினேன். கபன் துணியின் முடிச்சை அவிழ்த்து, கன்னத்தை மண்ணோடு சேர்த்து வைத்தேன். புருஷன் ஊரில் இருந்தால் அவன் செய்யவேண்டிய வேலை அது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்வார்களே, எனக்குப் புத்தி அந்தக் குழிக்குள் நிற்கும்போதுதான் வந்தது.

முத்தலிப் வெள்ளிக்கிழமை சுபஹுக்கு வந்தான். நேரே மையவாடிக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று, "மகள், இத எங்க வெக்க?" என்று சூட்கேஸைக் காட்டி அஸ்பியாவிடம் கேட்டான். வீடு இனி அவளுடையது அல்லவா. அவள் வாப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டாள். அவன் சூட்கேஸை விறாந்தை மூலையில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்தான்.

ஏழாம் நாள் கத்தம் ஓத ஊர் வந்தது. சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி இருக்கும்போது ஒருவர் கேட்டேவிட்டார். "முத்தலிப், அங்கேயே ஒம்பது வருசம் நிண்ட ஆள். நீயே ஒட்டின போர்ட் எண்டும் சொல்றாங்க. எப்படிடாப்பா மாறி ஏறினாய்?"

நான் அவனுக்கு எதிரில் இருந்தேன். சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன், வல்லாஹி.

"பாக்காம ஏறிட்டன்" என்றான். "என்ட பிழதான்."

கதவுக்கு அந்தப் பக்கம் பெண்களோடு இருந்த அஸ்பியா எழும்பி வந்தாள். பெரிய ஆண்கள் இருக்கிற இடம் என்றும் பார்க்கவில்லை. "உலகத்துக்கெல்லாம் வழி காட்டின நீங்க உம்மாக்காக ஒருக்காப் பாக்கல்லயா வாப்பா?" என்றாள். "உம்மா கடைசி வரைக்கும் உங்கட ப்ளேன் படத்தத்தான் எல்லாருக்கும் காட்டின." அதற்குப் பிறகு அவனுக்கு லீவு முடிகிற வரைக்கும் அவள் அவனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சோறு போட்டு மேசையில் மூடி வைப்பாள். அவன் தின்றுவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைப்பான்.

ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று எழும்புவேன். வாடிக்கையாளனிடம், மரைக்காரிடம், உலகத்தாரிடம் எல்லாம் நீளுகிற நாக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அவன் போகிற நாள் பின்னேரம் கல்முனை பஸ் நிலையத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். அஸ்பியா வாசலுக்கு வரவில்லை. கொழும்பு பஸ் வெளிக்கிட இன்னும் நேரம் இருந்தது.

"முத்தலிப், நான் அவளிட்டச் சொல்லப் போறன்" என்றேன். "நான்தான் ஏறச் சொன்ன எண்டு."

அவன் சூட்கேஸைக் கீழே வைத்தான்.

"சொல்லாதீங்க மச்சான். நான் அங்க போயிடுவன். இஞ்ச அவளுக்கு இரிக்கிறது நீங்க மட்டும்தான். உங்களோடயாவது கதைக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சனம் பார்க்கிறது என்றும் யோசிக்கவில்லை. அவன் என் தோளில் தட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டான். ஏறுமுன் பஸ் போர்டை இரண்டு தரம் வாசித்தான்.

நான் வீட்டுக்கு வந்தபோது அஸ்பியா தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள்.

"போயிட்டாரா?" என்று கேட்டாள்.

"ஓம் மகள்."

அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க மட்டும் அண்டைக்கு அவருக்குப் பக்கத்தில நிண்டிருந்தா, கத்தியாவது சரியான ரெயின்ல ஏத்திவிட்டிருப்பிங்க. என்ன?"

நான் ஓம் என்றேன்.